கீழே 17, மேலே 68: ஒரு மேஜர் கார்டின் கணக்கு

கீபோர்டின் நடு ஸ்தாயியில் சி மேஜர் கார்டு தெளிவாகக் கேட்கிறது. அதையே இரண்டு ஸ்தாயி கீழே இறக்கிப் பிடித்தால் குழம்புகிறது. சுரங்களின் விகிதம் மாறவில்லை. அவற்றுக்கு இடையிலான ஹெர்ட்ஸ்தான் நாலில் ஒன்றாகச் சுருங்கியது.

இடைவெளி (ஏ = 440 ஹெர்ட்ஸ்)
நடுவில்: சி 261.63, ஈ 329.63, ஜி 392.00. சி–ஈ இடைவெளி 68.
கீழே: சி 65.41, ஈ 82.41, ஜி 98.00. சி–ஈ இடைவெளி 17.

காதின் அளவு
500 ஹெர்ட்ஸுக்குக் கீழே, சுமார் 100 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் விழும் இரண்டு ஒலிகளை உட்காது முழுதாகப் பிரிப்பதில்லை. அவை மோதி விம்மல் எழும். வினாடிக்கு 33 விம்மல் அளவில் கரகரப்பு உச்சத்தைத் தொடும் என்று 1863இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதினார். உட்காதின் அந்த அகலத்தில் கால் பங்கு இடைவெளியில்தான் கரகரப்பு அதிகம் என்று 1965இல் ஆய்வாளர்கள் பிளாம்ப்பும் லெவெல்ட்டும் காட்டினார்கள்.

மோதல்
ஒவ்வொரு சுரமும் தன் 2, 3, 4 மடங்கு மேற்சுரங்களோடுதான் ஒலிக்கிறது. கீழ்க் கார்டில் சி, ஈ இரண்டின் அடிச்சுரங்களுக்கு இடையே 17, இரண்டாம் மேற்சுரங்களுக்கு இடையே 34, மூன்றாவதில் 51. மூன்றும் 100க்குள். நடுக் கார்டில் முதல் இடைவெளி 68. இரண்டாவதே 136 ஆகி எல்லையைத் தாண்டிவிடுகிறது.

சுருதியின் பங்கு
சியை ஷட்ஜமாகக் கொண்டால் ஈதான் அந்தர காந்தாரம். 5:4 என்ற தூய அந்தர காந்தாரம் 386.3 சென்ட் (சென்ட் என்பது கீபோர்டின் அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு), கீபோர்டு தருவது 400. எந்த ஸ்தாயியிலும் கூடுதல் 13.7. பன்னிரண்டு சுரங்களிலிருந்தும் ஒரே மாதிரி வாசிக்க நாம் கொடுக்கும் விலை இது. நடுக் கார்டில் இதனால் சியின் ஐந்தாம் மேற்சுரமும் (1308.13) ஈயின் நான்காம் மேற்சுரமும் (1318.51) வினாடிக்கு 10 முறை விம்முகின்றன. ஆனால் கீழ்க் குழப்பத்துக்கு இது காரணமல்ல. அங்கே ஈயைத் தூய சுருதிக்குத் திருத்தினாலும் இடைவெளி 17இலிருந்து 16.35 ஆகும், அவ்வளவே.

தீர்வு
சி 65.41, ஜி 196.00, ஈ 329.63 என்று பரப்பினால் இடைவெளிகள் 130.59, 133.63. இது ஏறத்தாழ 1:3:5. ஒரே தந்தியின் மேற்சுர வரிசை. நன்றாகச் சேர்ந்த தம்புராவில் மந்தர ஷட்ஜத் தந்தியிலிருந்து அந்தர காந்தாரம் தானாக எழுவதும் அந்த ஐந்தாம் மேற்சுரத்தால்தான்.

கீபோர்டு வாசிப்பவர்களே, கார்டு குழம்பினால் ஒலியமைப்பைக் குறை சொல்லும் முன் இடது கையைப் பாருங்கள். கீழே ஒரு சுரம் போதும். காந்தாரத்தை மேலே ஏற்றுங்கள்.