கண்ணாடி தருகிற இரண்டு வரி

அக்கா மகன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் படிப்பான். புத்தகம் கிட்டத்தட்ட மூக்கைத் தொடும். தலை லேசாக இடப்பக்கம் திரும்பியிருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் இதைப் பார்த்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: "படிக்கத்தானே கண்ணாடி? அதக் கழட்டிட்டுப் படிச்சா எதுக்கு வாங்கிக் குடுத்தீங்க?"

அவனுக்கு அல்பினிசம். வயது பதினொன்று. தலைமுடி, புருவம், இமைமுடி எல்லாம் வெளிர் பொன்னிறம். திருநெல்வேலி வெயிலில் தொப்பியில்லாமல் பத்து நிமிடம் நின்றால் தோல் சிவந்துவிடும். தெருவில் அவனுக்கு 'வெள்ளைக்காரன்' என்று பெயர். தோலைப் பார்த்துப் பேர் வைத்த எவரும் கண்ணைப் பற்றி யோசித்ததில்லை. அல்பினிசம் உள்ளவர்களின் அன்றாட வாழ்க்கையை அதிகம் தடுப்பது தோலின் நிறமல்ல, பார்வைதான்.

இரண்டரை மாதக் குழந்தையாக இருக்கும்போதே அக்கா கவனித்துவிட்டாள். "ஏட்டி, இவன் கண்ணு ஊஞ்சல் மாதிரி ஆடுது பாரு" என்றாள். எட்டாம் மாதம் ஒரு மருத்துவரிடம் காட்டினோம். பிறவிக் குறை, இதற்கு வைத்தியம் கிடையாது, கண்ணாடி போட்டாலும் பிரயோஜனமில்லை என்று இரண்டு நிமிடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார். நாங்களும் நம்பினோம். அப்படியே இரண்டு வருடம் போயிற்று. பிறகு ஒரு கண்ணாடிக் கடையில் நேர்மாறாகச் சொன்னார்கள். பவர்தான் பிரச்சினையாம், கண்ணாடி போட்டால் எல்லாம் சரியாகிவிடுமாம். அதையும் நம்பினோம். போட்ட பிறகும் பையன் டி.வி.க்கு முன்னால் போய் ஒட்டிக்கொண்டு நின்றபோது, அவன் ஒழுங்காகக் கண்ணாடி போடவில்லை என்று அவனையே திட்டினோம். இன்றும் எனக்கு உறுத்துவது அந்தத் திட்டுதான்.

அந்த இரண்டு பேச்சுமே தப்பு. ஏன் தப்பு என்பது பிடிபட எங்களுக்கு வருடங்கள் ஆயின. இப்போது யாராவது கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, இதே குழப்பத்தோடு, ஏதோ ஒரு மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மெலனின் என்கிற நிறமி தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுப்பதோடு நிற்பதில்லை. கருவிலிருக்கும் குழந்தையின் கண் உருவாகும்போது விழித்திரை சரியாக அமைவதற்கும் அது வேண்டும். விழித்திரையின் நடுவே ஃபோவியா என்று ஒரு சிறு குழி உண்டு. எழுத்தைப் படிப்பது, முகத்தை அடையாளம் காண்பது, ஊசியில் நூல் கோர்ப்பது போன்ற நுணுக்கமான பார்வை அத்தனையும் அந்த இடத்தில்தான். அங்கே ஒளியை உணரும் செல்கள் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கும். மெலனின் குறைந்த கண்ணில் அந்தக் குழி முழுதாக உருவாவதில்லை. செல்களும் அத்தனை நெருக்கமாக அமைவதில்லை.

புள்ளிக்கோலம் போடுகிறவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். நெருக்கமாகப் புள்ளி வைத்தால் சின்னச் சின்ன இழைகளோடு கோலம் வரும். ஒரு சாண் இடைவெளி விட்டுப் புள்ளி வைத்தால், எவ்வளவு தேர்ந்த கையானாலும் அந்த நுணுக்கம் வராது. கண்ணாடி செய்வது கையின் நடுக்கத்தைப் போக்குகிற வேலை. புள்ளியை அது நெருக்கி வைக்காது.

இன்னொரு மாற்றமும் இருக்கிறது. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு இழைகளில் பாதிக்குச் சற்று மேல் மறுபக்கம் கடந்து போகும், மற்றவை அதே பக்கம் போகும். இரண்டு கண்ணின் படங்களையும் மூளை ஒன்றாகச் சேர்ப்பது இந்த ஏற்பாட்டால்தான். அல்பினிசத்தில் மிகப் பெரும்பாலான இழைகள் மறுபக்கம் கடந்துவிடுகின்றன. அதனால் ஆழம் கணிப்பது கடினமாகிறது. வீசிய பந்து கைக்கு வருவதற்கு முன்பே கையை மூடிவிடுவான். மாடிப்படியின் கடைசிப் படியில் காலால் துழாவுவான். இதையும் எந்தக் கண்ணாடியும் மாற்றாது.

அப்படியானால் கண்ணாடி எதற்கு? அல்பினிசம் உள்ளவர்களில் பலருக்கு இந்தக் குறைகளுக்கு மேலே, சாதாரண மனிதர்களுக்கு வருகிற பவர் குறையும் கணிசமாக இருக்கும். கிட்டப்பார்வை இருக்கலாம், தூரப்பார்வை இருக்கலாம். சிலிண்டர் பவர் மிகப் பலருக்கு உண்டு. விழித்திரையே குறைவாக வாங்குகிற கண்ணுக்கு, மங்கலான படத்தையும் அனுப்பினால் இரட்டை நஷ்டம். இந்த இரண்டாவது நஷ்டத்தைக் கண்ணாடி முழுதாக ஈடுகட்டும். சிறு வயதில் அதைச் செய்யாமல் விட்டால், மங்கலையே பார்த்துப் பழகிய மூளை கூடுதலாக ஒரு சோம்பலையும் சேர்த்துக்கொள்ளும். எங்கள் இரண்டு வருடத்தை நினைத்து அக்கா இன்றும் கலங்குவது இதனால்தான்.

மூன்றாம் வயதில் முறையாகப் பரிசோதித்தபோது அவனுக்கு மைனஸ் 6 பவரும் அதோடு சிலிண்டரும் வந்தன. படிக்கக் கற்றபின் ஆறு மீட்டர் தள்ளி நின்று சார்ட்டைப் பார்த்தான். கண்ணாடி இல்லாமல் மேலே உள்ள ஒற்றைப் பெரிய எழுத்துகூடத் தெரியவில்லை. போட்டதும் அது தெரிந்தது, அடுத்த வரியும் தெரிந்தது. மருத்துவக் கணக்கில் அது 6/36. சாதாரணக் கண் 36 மீட்டரிலிருந்து படிப்பதை இவன் ஆறு மீட்டரில் நின்று படிக்கிறான். இரண்டு வரி, மொத்தம் மூன்று எழுத்து. அத்தானுக்கு ஏமாற்றம். "இவ்வளவுதானா?" என்றார்.

அந்த மூன்று எழுத்து வீட்டில் என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். எதிரே வருகிறவர் வாசலுக்கு வருவதற்குள் யாரென்று சொன்னான். தட்டில் இருப்பது இட்லியா கொழுக்கட்டையா என்று தொடாமல் சொன்னான். இப்போது நல்லாத் தெரிகிறதா என்று என் அம்மா கேட்டதற்கு அவன் சொன்ன பதிலை நான் எழுதியே வைத்திருக்கிறேன்: "போடாட்டி ஆச்சி இருக்கது தெரியும். போட்டா ஆச்சி சிரிக்காளான்னும் தெரியுது."

சார்ட்டில் கூடுவது ஒன்றிரண்டு வரியாக இருக்கலாம், சிலருக்கு அதுவும் குறைவாக இருக்கலாம். அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு 2004இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. கண்ணாடி போட்டபோது இரு கண்ணாலும் சேர்ந்து பார்க்கும் கூர்மை கூடியது, மாறுகண்ணும் நேராக வந்தது என்று பதிவு செய்தது. தூரப்பார்வை உள்ள பிள்ளைகள் பார்வையைக் குவிக்கச் சிரமப்பட்டுக் கண்ணை உள்பக்கம் இழுத்துக்கொள்வார்கள். பிளஸ் கண்ணாடி அந்தச் சிரமத்தை எடுத்துவிடுகிறது.

சரியான கண்ணாடி கிடைப்பதே ஒரு பாடு. கடையில் உள்ள கம்ப்யூட்டர் கருவி, ஆடுகிற கண்ணை நம்பகமாக அளக்காது. எங்களுக்கு ஒரே நாளில் மூன்று முறை மூன்று பவர் காட்டியது. கண்ணில் சொட்டு மருந்து விட்டு, ரெட்டினோஸ்கோப் என்கிற கைக்கருவியால் ஒளிக்கீற்றைக் கண்ணுக்குள் ஓட்டி, திரும்பி வரும் வெளிச்சத்தைக் கொண்டு கணிக்க வேண்டும். குழந்தை வாய் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, அதனால் கைக்குழந்தைக்கும் பவர் பார்த்துவிடலாம். ஒரு கண்ணைக் கையால் பொத்தினால் மற்றக் கண்ணின் ஆட்டம் கூடி, பார்வை இன்னும் குறைந்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் பொத்தாமல், ஒரு பிளஸ் லென்ஸ் வைத்து அந்தக் கண்ணை மங்கலாக்கி மற்றதைப் பார்ப்பார்கள். இரண்டு கண்ணும் திறந்த நிலையிலும் தனியாக ஓர் அளவு எடுப்பார்கள்.

தலையைத் திருப்பிப் பார்ப்பதும் இதோடு சேர்ந்ததே. இந்தக் கண்களுக்கு ஏதோ ஒரு கோணத்தில் ஆட்டம் மிகக் குறைவாக இருக்கும். குழந்தைகள் அந்தக் கோணத்தைத் தாங்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள். "நேராப் பாருடா" என்று தாடையைப் பிடித்துத் திருப்பினால், கிடைத்த நல்ல பார்வையையும் பறிப்பதாகும். ஃபிரேமும் அதற்கேற்ப இருக்க வேண்டும். குறுகலான ஃபிரேம் போட்டால் அவன் ஓரக்கண்ணால் பார்க்கும்போது பார்வை லென்ஸுக்கு வெளியே போய்விடும். எங்கள் முதல் கண்ணாடி அப்படித்தான் வீணாயிற்று.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன்: படிக்கும்போது ஏன் கழற்றுகிறான்? மைனஸ் 6 உள்ள கண் கண்ணாடி இல்லாமல் சுமார் 17 சென்டிமீட்டரில் சிரமமின்றிக் குவியும். நாம் 33 சென்டிமீட்டரில் பிடித்துப் படிக்கும் புத்தகத்தை அவன் அந்த இடத்துக்குக் கொண்டுவந்தால் எழுத்து அவனுக்கு இரண்டு மடங்காகத் தெரியும். காசில்லாத பூதக்கண்ணாடி. கிட்டத்தில் பார்க்கக் கண்கள் உள்நோக்கிக் குவியும்போது பலருக்கு ஆட்டமும் தணிகிறது. கண் கெட்டுவிடும் என்று யாரும் பதற வேண்டாம், கெடாது. ஆனால் இது எல்லோருக்கும் பொருந்தாது. தூரப்பார்வை உள்ள பிள்ளை படிக்கும்போதும் கண்ணாடியைப் போட்டிருப்பதுதான் நல்லது. சிலிண்டர் மிக அதிகமானால் படிக்கவென்றே தனிக் கண்ணாடி கேட்கலாம். கழுத்து வளையாமலிருக்கச் சாய்வு மேசை ஒன்று வாங்கிக் கொடுத்தோம். கண்ணாடிக்கு அடுத்தபடி உருப்படியாகச் செய்த செலவு அது.

வெயில் வேறு கதை. கண்பாப்பாவைச் சுற்றியுள்ள படலத்திலும் நிறமி குறைவு என்பதால், பாப்பா வழியாக மட்டுமல்லாமல் அந்தப் படலத்தின் ஊடாகவும் வெளிச்சம் உள்ளே பாய்கிறது. நிறம் ஏற்றிய கண்ணாடி சார்ட்டில் ஒரு வரியையும் கூட்டாது, ஆனால் வெளியே போனால் கண்ணைத் திறக்க விடும். அகன்ற விளிம்புத் தொப்பியும் சேர்ந்தால் இன்னும் நல்லது. வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸ் வசதிதான், ஆனால் கார் கண்ணாடிக்குப் பின்னால் சரியாகக் கறுக்காது. அறைக்குள் கறுப்புக் கண்ணாடி வேண்டவே வேண்டாம், அது இருக்கிற பார்வையையும் குறைக்கும். வகுப்பில் ஜன்னலுக்கு முதுகு காட்டி, முதல் பெஞ்சில் உட்கார வைத்தால் போதும். ஆறு மீட்டரில் இருந்த போர்டு இரண்டு மீட்டருக்கு வந்தால் எழுத்து மூன்று மடங்காகத் தெரியும். அதற்கும் எட்டாததற்கு உள்ளங்கையில் அடங்கும் சின்னத் தொலைநோக்கி இருக்கிறது. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற மருத்துவமனைகளில் 'லோ விஷன்' என்று தனிப் பிரிவே உண்டு. கண்ணாடியோடு வந்துவிடாமல் அந்தப் பிரிவுக்கும் போய்வருவது அவசியம்.

இந்த வசதி எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. தான்சானியாவில் சுமார் 1,400 பேரில் ஒருவருக்கு அல்பினிசம் உண்டு. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அது 17,000 முதல் 20,000 பேரில் ஒருவருக்கு. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்வையற்றோர் பள்ளிகளில் சேர்த்து பிரெய்ல் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளோ புடைத்த புள்ளிகளை விரலால் தடவாமல் கண்ணாலேயே பார்த்துப் படித்திருக்கிறார்கள். தாளில் நிறமே இல்லாத புள்ளியைப் பார்த்துப் படிக்க முடிந்த கண்ணுக்கு, ஒரு கண்ணாடியும் பெரிய எழுத்துப் புத்தகமும் யாரும் கொடுக்கவில்லை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 'ஸ்டாண்டிங் வாய்ஸ்' என்கிற அமைப்பு இப்போது தான்சானியாவில் முகாம் போட்டுக் கண்ணாடியும் தொலைநோக்கியும் கொடுத்து வருகிறது.

அங்கே அலட்சியம் என்றால், நம் ஊரில் பழி. கர்ப்பத்தில் குங்குமப்பூ அதிகம் சாப்பிட்டாள், கிரகணத்தில் வெளியே போனாள் என்று அக்காவிடமே சொன்னார்கள். தாய், தகப்பன் இருவரிடமும் வெளியே தெரியாமல் ஒவ்வொரு மரபணுப் பிரதி மாறியிருந்து, இரண்டும் பிள்ளையிடம் சேர்ந்தால் வருவது இது. அப்படிப்பட்ட தம்பதிக்கு ஒவ்வொரு பேறுகாலத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்துக்குள் கட்டிக்கொள்ளும் குடும்பங்களில் இரண்டும் சேர வாய்ப்பு கூடுதல். ஒருவர் மேல் மட்டும் பழி போட இதில் இடமே இல்லை. பொன்னாங்கண்ணிக் கீரை கொடுக்கச் சொன்னவர்களும் உண்டு. கீரை நல்லதுதான், தினமும் கொடுக்கிறோம். பிறப்பதற்கு முன் உருவாகாத குழியை அது உருவாக்காது. லெவோடோபா என்கிற மருந்தைக் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 2014இல் வெளியானது. அதிலும் பார்வை கூடவில்லை.

ஒரு பயத்தைப் பல பெற்றோர் என்னிடம் ரகசியமாகக் கேட்டிருக்கிறார்கள்: கண்ணாடி போட்டுப் பார்வை கூடிவிட்டால் மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்காமல் போகுமோ? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நல்ல கண்ணில், இயன்ற அளவு சிறந்த கண்ணாடி போட்ட பிறகு உள்ள பார்வையைத்தான் கணக்கில் எடுக்கிறது. அதில் 6/18க்குக் கீழே 3/60 வரை குறைபார்வை. எப்படியும் கண்ணாடியோடுதான் அளப்பார்கள் என்னும்போது, சான்றிதழுக்காகக் குழந்தையை மங்கலில் வைத்திருப்பதில் ஒரு லாபமும் இல்லை. 40 சதவீதம் என்று சான்று கிடைத்தால் தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் கேட்கலாம். இவன் கண்ணாடியோடு 6/36. அவனுக்கும் சான்றிதழ் இருக்கிறது.

போன மாதம் பவர் மறுபடி பார்த்தோம். மைனஸ் கொஞ்சம் ஏறியிருக்கிறது, வரி அதே இரண்டுதான். அத்தான் இப்போது "இவ்வளவுதானா" என்று கேட்பதில்லை. ஃபிரேம் எடுக்கும்போது பையனுக்குப் பிடித்தது சிவப்பு. அது குறுகல். அக்கா வேண்டாம் என்றாள். கடைக்காரர் உள்ளே போய், அதே சிவப்பில் அகலமானது ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். போட்டுக்கொண்டு தலையை இடப்பக்கம் திருப்பிக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தான், கிட்டப் போய்ப் பார்த்தான், பிறகு தாடையில் முளைத்திருந்த ஒரு பருவைத் தொட்டு, "சித்தி, இது எப்ப வந்துச்சு?" என்று கேட்டான்.