காலி பாட்டிலில் பனி மனிதன்

கிறிஸ்துமஸ் விற்பனைக்குக் கடையை அலங்கரிக்கும் வணிக நண்பர்கள், பழைய பேப்பர்காரருக்குப் போடும் குளிர்பான பாட்டிலிலேயே பனி மனிதன் பொம்மை செய்யலாம்.

2 லிட்டர் பாட்டிலைக் கழுவி உலர்த்துங்கள். வெள்ளை அக்ரிலிக் பெயின்ட்டை வெளியே பூசினால் உரியும். ஆகவே உள்ளே சிறிது ஊற்றி, எங்கும் படியச் சுழற்றி, மீதியை வடித்துவிடுங்கள். மூடாமல் 2 நாள் காயட்டும். பிறகு கால் பாகம் உலர்ந்த மணல் நிரப்பினால் மின்விசிறிக் காற்றில் சாயாது. கண்ணுக்குக் கறுப்புப் பொத்தான், மூக்குக்கு ஆரஞ்சு காகிதக் கூம்பு, நடுவில் சுற்றச் சிவப்புத் துணி, மூடிமேல் பழைய காலுறைக் குல்லாய் போதும்.

பினாயில், பூச்சிமருந்து பாட்டில்கள் வேண்டாம்; குழந்தைகள் பொம்மையைத் தொட்டுப் பார்ப்பார்கள். மெழுகுவத்தி, குண்டு பல்பு அருகில் வைத்தால் பாட்டில் நெளியும், துணி தீப்பற்றும். பொம்மைக்காகக் கடைச் சரக்கைப் பணயம் வைக்கலாகாது.