மானாவாரிச் சீமையின் கப்பல்

மழை பெய்தால் கண்மாய், பொய்த்தால் கருவேலங்காடு. வீரசோழன், திருச்சுழி, அருப்புக்கோட்டைச் சீமையின் பிழைப்பு அப்படி. ஆனால் 1906 அக்டோபர் 16 அன்று பதிவான சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் என்ற கப்பல் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவர் இந்தச் சீமைக்காரர்தான்: மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர்.

தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை முன்நின்று தொடங்கிய அந்தக் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதை 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரித்திருந்தார்கள். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் கொடுத்தார். கப்பலைக் கண்ணால் பார்த்திராதவரும் ஒரு பங்கு வாங்கினால் கப்பல் கம்பெனியில் பாத்தியதை உண்டு.

பங்குப் பத்திரத்தின் சாமர்த்தியம் அதுமட்டுமல்ல. நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த காகிதம் புரோநோட்டு. அதில் கையெழுத்துப் போட்டவர் நொடித்தால் கடன்காரன் வயலுக்கும் வருவான், மாட்டுக்கும் வருவான். பங்குப் பத்திரம் வேறு ஜாதி. கம்பெனியின் பேருக்குப் பின்னால் வரும் ‘லிமிடெட்’ என்ற சொல், முழுப் பணமும் கட்டிய பங்குதாரருக்கு ஒரு வேலி. கம்பெனி மூழ்கினால் அவருக்குப் போவது அந்த 25 ரூபாய்தான். வீட்டு நிலத்தை யாரும் தொட முடியாது. முன்பின் தெரியாதவர்கள் ஒரே தொழிலில் துணிந்து பணம் போட்டதற்கு, தேசபக்தியோடு இந்த வேலியும் காரணம் என்பேன்.

உலகில் இதுவரை கிடைத்ததில் மிகப் பழைய பங்குக் காகிதம் 1606 செப்டம்பர் 9 தேதியிட்டது. நெதர்லாந்தின் ஹோர்ன் நகர ஆவணக் காப்பகத்தில் 2010ல் ஒரு மாணவர் கண்ணில் பட்டது. அது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்கு. 1658ல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்ததும் அதே கம்பெனிதான். காகிதம் எழுதி முந்நூறு வருஷம் கழித்து, அதே துறைமுகத்தில் தமிழர்கள் தங்கள் பங்கை விற்றார்கள்!

திரட்டிய பணம் காலியா, லாவோ என்ற இரு கப்பல்களாக 1907ல் வந்து சேர்ந்தது. எதிரியான வெள்ளைக்காரரின் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி தூத்துக்குடி-கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாய்க்கு இறங்கியது. வெள்ளைக்காரன் சும்மாவே ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தான் என்பார்கள். கட்டணப் போரில் ஜெயிப்பது, நஷ்டத்தை நெடுநாள் தாங்கும் மூலதனம். 25 ரூபாய் பங்குகளால் எத்தனை மாதம் தாங்க முடியும்?

1908ல் வ.உ.சி. சிறைக்குப் போனார். 1911ல் கம்பெனி கலைக்கப்பட்டது. அந்த டிசம்பரில் பாண்டித்துரைத் தேவரும் காலமானார். கலைக்கும்போது முதலில் கடன் கொடுத்தவருக்கு; மிஞ்சினால்தான் பங்குதாரருக்கு. வேலிக்கு அதுதான் விலை.

பங்கு சேர்த்த வ.உ.சி.க்கு எந்த வேலியும் இல்லை. கோவைச் சிறையில் செக்கிழுத்தார், வக்கீல் சன்னதையும் இழந்தார். பிற்காலத்தில் அதைத் திரும்பக் கிடைக்கச் செய்த வெள்ளைக்கார நீதிபதி வாலஸின் நினைவாக, மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார்.