நீல இன்ஹேலர் மட்டும் போதுமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் குடியிருக்கும் அம்மாக்களுக்கு மார்கழி என்றாலே ஒரு பயம். பனி இறங்கினால் இரும்பு உருக்கும் ஆலைகளின் புகையும், கொல்கத்தா நெடுஞ்சாலை லாரிகள் கிளப்பும் புழுதியும் கலையாமல் தாழவே நிற்கும். ராத்திரி 2 மணிக்குக் குழந்தை இருமியபடி எழுந்து உட்காரும். நெஞ்சில் 'கீச் கீச்' சத்தம். ஆட்டோ பிடித்து ஓடி, நெபுலைசர் வைத்து, விடிவதற்குள் வீடு திரும்புவார்கள். "சரியாயிடுச்சு" என்று இன்ஹேலர் பீரோவுக்குள் போய்விடும். சிக்கலே அங்கேதான்.

ஆஸ்துமா, இழுப்பு வரும் நாளில் மட்டும் இருக்கும் நோய் அல்ல. மற்ற நாட்களிலும் மூச்சுக்குழாயின் உட்புறம் லேசாக வீங்கியே இருக்கும். புகை, சளி, கொசுவத்தி என எது பட்டாலும் சட்டென்று சுருங்கிவிடும். நீல நிற இன்ஹேலரில் இருக்கும் சால்புட்டமால் சுருங்கிய குழாயைச் சில நிமிடங்களில் விரிக்கும். ஆனால், வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தை ஆற்றுவது புடசோனைடு போன்ற தடுப்பு மருந்து. அடிக்கடி இழுப்பு வரும் குழந்தைக்கு டாக்டர் இதை எழுதிக் கொடுத்தால், குழந்தை ஓடி விளையாடும் நாளிலும் கொடுக்க வேண்டும். நீங்களாக நிறுத்தக் கூடாது.

"இன்ஹேலர் பழகிடுமாமே, சிரப்பே கொடுக்கலாமே?" என்று கேட்காத பாட்டி இல்லை. கணக்கைப் பாருங்கள். 5 மி.லி. சால்புட்டமால் சிரப்பில் 2 மில்லிகிராம் மருந்து. இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம், அதாவது இருபதில் ஒரு பங்கு. அதுவும் நேராக நுரையீரலுக்கே போகிறது. பழக்கமும் ஆகாது.

குழந்தைகளுக்கு ஸ்பேசர் அவசியம். ஒருமுறை அழுத்தி, ஐந்தாறு மூச்சு இழுக்கவிட்டு, பிறகு அடுத்தது. கைக்குழந்தைக்கு மாஸ்க் வைத்தது வாங்குங்கள். தடுப்பு மருந்து எடுத்ததும் வாய் கொப்புளிக்க வேண்டும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிடுங்கள். துணியால் துடைத்தால் மருந்து அதன் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

நம் நாட்டில் நுண்துகளுக்கான ஒரு நாள் வரம்பு, கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. 'சமீர்' செயலியில் காற்றின் தரத்தைப் பார்த்து, மோசமான நாளில் பிள்ளையின் ஓட்டப் பயிற்சியைத் தள்ளிப்போடலாம். ஆலைப் புகையை அடக்குவதும் அம்மாக்களின் வேலையா என்ன?

பேச முடியாமல் திணறினாலோ, விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்ளே இழுத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ நீல இன்ஹேலரை ஸ்பேசரில் கொடுத்துக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.