வாடிய ஓக்கிட் செடியை மீட்டெடுத்தல்

நெல்லுக்கும் வெங்காயத்துக்கும் நீர் பாய்ச்சிப் பழகிய கை, வாடிய செடியைக் கண்டதும் நீரையே ஊற்றும். உடுவில்போன்ற கிராமங்களில் விலை கொடுத்து வாங்கி வீட்டினுள் வைக்கும் ஓக்கிட் செடிக்கு இப்பழக்கமே பெரும்பாலும் கேடாகின்றது.

செடியின் இயல்பு

டென்ட்ரோபியம், பலனொப்சிஸ் முதலியன மரங்களைப் பற்றி வளர்வன; ஆயினும் மரத்தின் சாற்றை உண்பனவல்ல. இலங்கைக் காடுகளிற் காணப்படும் வெசாக் ஓக்கிட்டும் இவ்வகையினதே. வேரைச் சூழ்ந்துள்ள பஞ்சு போன்ற உறை மழைநீரை விரைவில் உறிஞ்சிப் பின் காற்றில் உலரும். நெற்பயிர் தன் தண்டிலுள்ள காற்றறைகள் வழியே வேருக்குக் காற்றை அனுப்புவதால் தேங்கிய நீரிலும் வாழும். ஓக்கிட்டுக்கு அவ்வசதி இல்லை. செம்மண் நிரப்பிய சாடியில் அதன் வேர் அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாமையால் இலை சுருங்கும். அதனைத் தாகமெனக் கருதி மேலும் நீர் ஊற்றினால் எஞ்சிய வேரும் அழியும்.

செய்ய வேண்டுவன

1. செடியைச் சாடியினின்றும் எடுத்து வேர்களைக் கழுவுக. உறுதியான வெண்ணிற, பச்சை வேர்கள் உயிருள்ளவை. கபில நிறமாய், மெதுமையாய், உள்ளீடற்றிருப்பவற்றைத் தீயிற் காட்டி ஆறவைத்த கத்தியால் வெட்டி நீக்குக.

2. ஒரு நாள் நிழலில் உலரவிட்டு, பல துளைகளுள்ள மட்சாடியில் மரக்கரி, உடைந்த ஓடு, சில நாள் நீர் மாற்றி ஊறவைத்த தென்னம்பொச்சுத் துண்டுகள் ஆகியவற்றை இட்டு நடுக. அடித்தண்டைப் புதைத்தலாகாது. செடி அசையாதவாறு குச்சியிற் கட்டுக. அசைந்தால் புது வேர்நுனி முறியும்.

3. காலை வெயில் படும் யன்னலருகே வைக்க. இலை கரும்பச்சையாயின் ஒளி போதாது. மஞ்சளாகிக் கருகினால் வெயில் மிகுதி.

4. வேர் வெண்சாம்பல் நிறமானபின் காலையில் நீர் ஊற்றுக, பச்சையாயிருக்கையில் ஊற்றற்க. பலனொப்சிசின் குருத்தில் நீர் தேங்கவிடலாகாது.

நீரும் பசளையும்

வலிகாமத்துக் கிணற்று நீர் சுண்ணக்கற் பாறையினூடு வருவது. அதிற் கரைந்த சுண்ணாம்பு வேரிலும் சாடியிலும் வெண்படையாய்ப் படியும். ஆதலின், ஐப்பசி முதல் மார்கழி வரை கூரையில் விழும் மழைநீரைச் சேமித்தல் நன்று. நுளம்பு பெருகாதவாறு கலத்தை இறுக மூடுக. கிணற்று நீரையே ஊற்ற நேரின், இடையிடையே மழைநீரால் சாடியைக் கழுவுக.

புது வேர் தோன்றும்வரை பசளை வேண்டாம். நோயாளிக்கு விருந்து ஆகாது. பின்னர், ஓக்கிட்டுக்குரிய பசளையைப் பொதியிற் குறித்த அளவின் காற்பங்காகக் கரைத்து, நனைந்த வேருக்கு 2 வாரத்துக்கு ஒருமுறை இடுக. வயலுக்கு வீசும் யூரியாவைச் சாடியில் இடலாகாது.

நலிந்த செடி பூத்தண்டு விடின் அதனை வெட்டிவிடுக. அதன் வலு வேருக்குச் சேரட்டும். குணமடையப் பல மாதங்கள் செல்லும். பசிய வேர்நுனி வெளிவருதலே செடி பிழைத்ததற்கு முதற் குறி. ஆதலின், பூவைத் தேடுமுன் வேரை நோக்குக.