நெருப்பை முந்தும் நச்சுப்புகை

பிரேசில் நாட்டின் சாண்டா மரியா நகரில், 2013 ஜனவரி 27 அன்று, 'கிஸ்' என்னும் இரவு விடுதியின் மேடையில் கொளுத்தப்பட்ட வாணத்தின் பொறி, கூரையில் ஒட்டியிருந்த ஒலித்தடுப்பு நுரைப்பஞ்சைப் பற்றியதால் 242 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது தீயின் வெப்பமன்று, புகையே.

அந்த நுரைப்பஞ்சு, மெத்தைகளிலும் சோபாக்களிலும் திணிக்கப்படும் பாலியூரித்தேன் என்னும் நெகிழி வகையைச் சேர்ந்தது. அதன் மூலக்கூறில் நைட்ரஜன் இருப்பதால், காற்றோட்டம் குன்றிய இடத்தில் எரியும்போது ஹைட்ரஜன் சயனைடு என்னும் கொடிய வாயு பிறக்கிறது. உடன் தோன்றும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு இணைந்து ஆக்சிஜனின் வழியை அடைக்கிறது. சயனைடோ, வந்துசேர்ந்த சிறிதளவு ஆக்சிஜனையும் உயிரணுக்கள் பயன்படுத்த இயலாதவாறு, அவற்றுள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள நொதியை முடக்குகிறது. இவ்விரண்டும் சேர்ந்து சில நிமிடங்களிலேயே நினைவிழக்கச் செய்வதால், வாயில் அருகிலிருந்தும் பலரால் அதை எட்ட முடிவதில்லை என்பதே இதில் மிகக் கொடுமையானது.

வைட்டமின் பி12-இன் ஒரு வடிவமான ஹைட்ராக்சோகோபாலமின் சயனைடுக்கு முறிமருந்தாகிறது. எனினும் அது உடனே செலுத்தப்பட வேண்டும். மக்கள் திரளும் அரங்குகளில் எளிதில் தீப்பற்றும் நுரைப்பஞ்சை அனுமதிப்பது, எந்த அரசு செய்தாலும், மன்னிக்க முடியாத அலட்சியமாகும்.