வான்வீன் கிராப்பும் புயல் கூண்டும்

அறிவியல் கருவிகளின் பெயர்களில் பெரும்பாலானவை, அவை பிறந்த நாட்டில் எவரையும் சிரிக்க வைப்பதில்லை. அதே பெயர் கப்பலேறி வந்து வேறொரு மொழியின் செவிக்குள் நுழைந்து, அங்கே முன்பே குடியிருக்கும் சொற்களோடு உரசும்போதுதான் வேடிக்கை பிறக்கிறது. கடலூர் மாவட்டத்தில் இந்த உரசலுக்கு மிகவும் வாய்ப்பான இடம் பரங்கிப்பேட்டை. வெள்ளாறு வங்கக் கடலோடு கலக்கும் அவ்வூருக்குப் போர்த்துக்கீசியர் இட்ட பெயர் போர்ட்டோ நோவோ, அதாவது புதிய துறைமுகம். உள்ளூர் மக்களோ வந்தவர்களையே அடையாளமாக்கிப் பரங்கியர் பேட்டை என்று வழங்கினர். 1929-இல் சிதம்பரத்தில் தொடங்கப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகம், விலங்கியல் பேராசிரியர் ஆர். வி. சேஷய்யாவின் முயற்சியால் அங்கே கடல் உயிரியல் நிலையம் ஒன்றை நிறுவியது. 1960-களில் பல்கலைக்கழக மானியக் குழு அதனை உயர் ஆய்வு மையமாக ஏற்றுக்கொண்டது. ஊரே இரட்டைப் பெயரோடு இருக்க, கடல் ஆய்வுக்குரிய கருவிகளும் தங்கள் அயல்நாட்டுப் பெயர்களோடு வந்து சேர்ந்தன.

கழிமுகத்தின் அடிச்சேற்றில் வாழும் புழுக்களையும் சிப்பிகளையும் மேலே கொண்டுவரப் பயன்படுவது 'வான்வீன் கிராப்'. இரு தாடைகளைப் போல விரிந்தபடி இறங்கி, தரையைத் தொட்டதும் கொக்கி விடுபட்டு, கயிற்றை இழுக்கையில் வாயை மூடிக்கொண்டு சேற்றை அள்ளிவரும் எஃகு வாளி அது. நெதர்லாந்துப் பொறியாளர் யோகான் வான் வீன் 1930-களில் இதனை வடிவமைத்தார். அந்நாட்டுக் குடும்பப் பெயர்களில் 'வான்' என்பது இன்ன ஊரைச் சேர்ந்தவர் என்பதைச் சுட்டும் முன்னொட்டு. தமிழ்ச் செவிக்கு அது ஆகாயம். ஆகாயத்தைப் பெயரில் தாங்கிய கருவி ஆயுள் முழுவதும் சேற்றைத்தான் பார்க்கிறது. போதாததற்கு, குடுமியை எடுத்துவிட்டு ஆண்கள் வைத்துக்கொண்ட புதுப் பாணி முடிவெட்டுக்குத் தமிழ்நாட்டில் 'கிராப்பு' என்றே பெயர். முடியை வெட்டுவதற்கும் சேற்றை அள்ளுவதற்கும் ஆங்கிலத்தில் வெவ்வேறு சொற்கள் இருந்தபோதிலும், தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால், வான்வீன் கிராப் என்பது ஏதோ பழைய திரைப்பட நாயகனின் தலையலங்காரம் போல ஒலிக்கிறது.

நீரின் தெளிவை அறிய உதவும் 'செக்கி' வட்டு எண்ணெய்ச் செக்கை நினைவூட்டினாலும், அதன் பெயர் இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான ஆஞ்சலோ செக்கியிடமிருந்து வந்தது. 1865-இல் போப்பாண்டவரின் கப்பலொன்றிலிருந்து அவர் வெள்ளை வட்டுகளைக் கடலில் இறக்கி, அவை கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொண்டார். வட்டு, கயிறு, கண் என்னும் மூன்றைத் தவிர வேறெதுவும் தேவைப்படாத இம்முறை இன்றும் வழக்கொழியவில்லை.

இவை எல்லாவற்றிலும் சுவையான பெயர் 'மெசஞ்சர்'. ஆழ்நீரின் மாதிரியை எடுப்பதற்கு நார்வே நாட்டுத் துருவப் பயணி ஃபிரிட்ஜாஃப் நான்சன் உருவாக்கிய உலோகக் குழாய், கம்பியில் கட்டித் திறந்த நிலையில் இறக்கப்படும். வேண்டிய ஆழத்தை அது அடைந்த பின், மேலிருந்து ஒரு சிறு பித்தளை எடையைக் கம்பி வழியே நழுவவிட, அது கீழே சென்று மோதியதும் குழாய் தலைகீழாகப் புரண்டு மூடிக்கொள்ளும். அந்த எடைதான் மெசஞ்சர், அதாவது தூதன். ஒரே கம்பியில் பல குழாய்கள் இருக்குமானால், முதல் குழாய் புரளும்போது தன்னிடமுள்ள இன்னொரு தூதனை அடுத்த குழாய்க்கு அனுப்பிவைக்கும். அன்னத்தையும் கிளியையும் மேகத்தையும் நெஞ்சையும் தூதனுப்பித் தனி இலக்கிய வகையே கண்ட தமிழில், சொன்ன இடத்துக்குத் தவறாமல் போய்ச் சேரும் இந்தப் பித்தளைத் தூதனைப் பாட ஒரு புலவர் கிடைக்காதது குறைதான்.

நுண்ணுயிர் மிதவைகளைப் பிடிக்க இரு வளையங்களை அருகருகே பிணைத்துக் கப்பலின் பின்னே இழுக்கும் வலைக்கு, 1960-களில் அமெரிக்க ஆய்வாளர்கள் கியூபா நாட்டு இரட்டைக் கொட்டின் பெயரால் 'பாங்கோ வலை' என்று பெயரிட்டனர். இக்கருவி கடலூர்ப் பக்கத்தில் பிறந்திருந்தால், அம்மன் கோயில் திருவிழாக்களில் இடுப்பில் கட்டி முழக்கும் இரட்டைக் கொட்டின் பெயரால் அது பம்பை வலை ஆகியிருக்கும். பிடித்த மிதவைகளை எண்ணுவதற்குரிய கண்ணாடித் தட்டு 'செட்விக் ராஃப்டர் செல்'. 50 மில்லிமீட்டர் நீளமும் 20 மில்லிமீட்டர் அகலமும் 1 மில்லிமீட்டர் ஆழமும் கொண்ட அது மிகச் சரியாக ஒரு மில்லிலிட்டர் நீரைக் கொள்ளும். மரத்தை அரிக்கும் செல்லும் சட்டைப்பையில் ஒலிக்கும் செல்லும் ஏற்கெனவே இருக்க, இது மூன்றாவது.

இயற்பியல் ஆய்வகங்களின் 'போஸ்ட் ஆபீஸ் பாக்ஸ்' தபால் போடும் பெட்டியன்று. மின்தடைச் சுருள்கள் அடங்கிய, பித்தளைச் செருகிகள் பதித்த மரப்பெட்டி. தந்திக் கம்பிகளின் பழுதைக் கண்டறிய பிரிட்டிஷ் அஞ்சல் துறை அதைப் பயன்படுத்தியதால் வந்த பெயர் அது. அதற்கு அடிப்படையான வீட்ஸ்டன் சமனச் சுற்றை 1833-இல் முதலில் விளக்கியவர் சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி. பத்தாண்டுகள் கழித்து அதைப் பரவலாக்கிய வீட்ஸ்டன், கண்டுபிடித்தவர் கிறிஸ்டியே என்று சொல்லியும் பெயர் மாறவில்லை.

தமிழ்க் கலைச்சொல்லாளர்கள் இந்தக் குழப்பத்தைத் தவிர்த்து, அளக்கும் கருவி எதுவாயினும் 'மானி' என முடித்தனர். வெப்பமானி, மழைமானி, கோளமானி என ஒழுங்காக வரிசை கட்டும் இப்பெயர்களில் பொருள் தெளிவு உண்டு. ஆயினும் தன்மானி, அபிமானி என மானமுள்ளவரைக் குறிக்கவும் அதே ஒலி வழங்குவதால், கம்பியதிர்வை ஆராய உதவும் 'சுரமானி', இசைத்துறையும் உள்ள சிதம்பரம் வளாகத்தில், சுருதி பிசகினால் பொறுக்காத வித்துவானைப் போலத் தோன்றுவதைத் தவிர்க்க முடியவில்லை.

குழு எதுவும் கூடி ஆக்காத, மக்கள் வழக்கிலேயே வேர்விட்ட பெயர் கடலூர் துறைமுகத்தில் இருக்கிறது. பகலில் கூம்பும் உருளையுமான வடிவங்களையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளையும் கம்பத்தில் ஏற்றி மீனவர்களுக்கும் கப்பல்களுக்கும் எச்சரிக்கை விடுக்கும் அந்த அமைப்பைச் செய்தித்தாள்கள் 'புயல் கூண்டு' என்கின்றன. வழக்குமன்றத்தில் குற்றவாளியைக் கூண்டில் ஏற்றும் வழக்கம் தெரிந்த வாசகருக்கு, 'கூண்டு ஏற்றப்பட்டது' என்னும் தலைப்பு, புயலைப் பிடித்து விசாரணைக்கு நிறுத்திவிட்டதைப் போன்ற தெம்பைத் தருகிறது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கு அருகே கரையைக் கடந்த 'தானே' புயல் எந்தக் கூண்டுக்கும் அடங்கவில்லை. இந்தக் கூண்டுகள் உணர்த்தும் எச்சரிக்கை எண்கள் மொத்தம் 11. கடைசி எண், புயலின் வலிமையைச் சொல்வதன்று. எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அற்றுவிட்டது என்பதைத் தெரிவிப்பது.

இன்றைய கடலாய்வில் பழைய பெயர்களின் இடத்தை எழுத்துச் சுருக்கங்கள் பிடித்து வருகின்றன. நீரின் மின்கடத்துதிறன், வெப்பநிலை, ஆழம் ஆகியவற்றை ஒருங்கே பதிவு செய்யும் மின்னணுக் கருவிக்கு 'சி.டி.டி.' என்ற மூன்றெழுத்தே போதுமாக இருக்கிறது. சீட்டு நிறுவனத்தின் பெயரைப் போல ஒலிக்கும் அதில் சிரிக்க எதுவுமில்லை. ஆனால் அக்கருவியைச் சுற்றி நீர்ப்போத்தல்களை வட்டமாக அடுக்கிய இரும்புச் சட்டத்துக்குக் கடலாய்வாளர்கள் இட்டிருக்கும் பெயர் 'ரோசட்', அதாவது சின்ன ரோஜா. அதைத் தூக்கிக் கடலில் இறக்குவதற்குப் பாரந்தூக்கி வேண்டும்.